அஸித்ரோமைசினைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்காதீர்கள்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும், கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்களுக்கும், மாவட்ட, வட்ட அளவில் இயங்கும் மருந்து வணிகர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மருந்தாளுநன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். நம் தொழிலின் குறைகளை வெளியார் சொன்னால் நமக்குக் கோபம் வருவது இயல்பு. அதனால் உள்ளே இருந்த ஒருவனே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. ஆன்டிபயாடிக் மருந்துகள் அனைத்தையும் பற்றிப் பேசப் போனால் பேச்சு பொதுப்படையாகிவிடும் என்பதால், நம் மேசைகளில் மிக அதிகமாகக் கைமாறும் ஒரே ஒரு மருந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது அஸித்ரோமைசின் 500. மூன்று மாத்திரை அட்டையாகவும் ஐந்து மாத்திரை அட்டையாகவும் வரும் இந்த மருந்தை மருத்துவரின் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்றும், சீட்டோடு வருபவரிடமும் சில கேள்விகளைக் கேட்டு, உட்கொள்ளும் முறையைத் தமிழில் எழுதித்தான் கொடுப்பது என்றும் நீங்கள் சங்க அளவில் முடிவெடுக்க வேண்டும். இதுவே என் வேண்டுகோள்.

இந்த ஒரு மருந்தை ஏன் தனியே பிடித்துக்கொண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். இந்தியத் தனியார் சந்தையில் 2019ஆம் ஆண்டு விற்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை ஆராய்ந்து, 2022இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, நாட்டிலேயே மிக அதிகமாக உட்கொள்ளப்பட்டது அஸித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரைதான் என்று காட்டியது. மொத்த நுகர்வில் அது மட்டுமே 7.6 விழுக்காடு, அதற்கு அடுத்த இடம் செஃபிக்ஸிம் 200க்கு. அது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு. தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்ட மருந்துப் பொதிகளில் இந்த மாத்திரை தவறாமல் இடம்பெற்றது. பிறகு 2021இல், ரெகவரி, பிரின்சிபிள் என்ற இரண்டு பெரிய பிரிட்டன் ஆய்வுகள், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கும் சரி, வீட்டிலிருந்தே தேறியவர்களுக்கும் சரி, அஸித்ரோமைசினால் பயனில்லை என்று தெளிவாக்கின. மருத்துவர்கள் எழுதுவதை ஓரளவு குறைத்துக்கொண்டார்கள். மக்களிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் மட்டும் போகவில்லை. தொண்டை லேசாகக் கரகரத்தாலே "கொரோனாவுக்குக் குடுத்தாங்களே, அந்த மூணு நாள் மாத்திரை" என்று கேட்டு வருபவர்களை நீங்கள் எல்லோரும் அன்றாடம் பார்க்கிறீர்கள். உலக நலவாழ்வு அமைப்போ இதைத் தாராளமாகக் கொடுக்கத்தக்க மருந்துகளின் பட்டியலில் வைக்கவில்லை. கிருமிகளிடம் எதிர்ப்புத்திறன், அதாவது மருந்துக்கு மசியாத தன்மை, வளரும் அபாயம் கூடுதலாக இருப்பதால் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய பிரிவில் வைத்திருக்கிறது. தொண்டைப் புண்ணுக்கு நாம் சாதாரணம் என்று நினைக்கும் அமாக்ஸிசிலின்தான் தாராளமாகக் கொடுக்கத்தக்க அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடைமேசையில் நிலவும் எண்ணம் இதற்கு நேர்மாறாக, அமாக்ஸிசிலினை 'பவர்' மருந்தாகவும் அஸித்ரோவை எளிய மருந்தாகவும் கருதுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

இந்த எண்ணத்துக்குக் காரணம் மருந்தின் தன்மையிலேயே இருக்கிறது. 1950களில் புழக்கத்துக்கு வந்த எரித்ரோமைசினை நாளுக்கு நான்கு வேளை விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும், இரைப்பை அமிலத்தில் சிதைந்தும் போகும். 1980இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரில் ப்ளிவா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறின் வளையத்தில் ஒரு நைட்ரஜன் அணுவைச் சேர்த்து அஸித்ரோமைசினை உருவாக்கினார்கள். அது அமிலத்தைத் தாங்கியது. இரத்தத்தில் நிற்காமல் திசுக்களுக்குள்ளும் வெள்ளணுக்களுக்குள்ளும் புகுந்து தங்கியது. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 68 மணி நேரம். நாளுக்கு ஒன்றாக மூன்று நாள் விழுங்கினால், அதற்குப் பின்னும் பல நாள் திசுக்களில் இருந்து வேலை செய்யும். "மூன்றே நாளில் எப்படி முடிகிறது" என்று கேட்கும் நோயாளிக்கு நாம் சொல்ல வேண்டிய விடை இதுதான்: மாத்திரை முடிந்துவிட்டது, மருந்து முடியவில்லை.

ஆனால் அந்த நீண்ட தங்கலுக்கு ஒரு விலை உண்டு. உடலில் மருந்து மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும் நாட்களில், கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதைப் பழக்கப்படுத்தப் போதுமான அளவு எஞ்சி நிற்கிறது. நோயே இல்லாத தன்னார்வலர்களுக்கு அஸித்ரோமைசின் கொடுத்துப் பார்த்த பெல்ஜிய ஆய்வொன்று 2007இல் வெளியானது. அவர்களுடைய தொண்டையில் இயல்பாகவே வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளில், இந்த வகை மருந்துக்கு மசியாதவற்றின் பங்கு மருந்து உட்கொண்டவுடன் வெகுவாக உயர்ந்து, ஆறு மாதம் கழித்தும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. சளிக்காக, அதாவது ஆன்டிபயாடிக் எதுவுமே தொட முடியாத ஒரு வைரஸுக்காக, ஒருவர் வாங்கிப் போகும் அட்டை இப்படித்தான் அவர் தொண்டையில் அரை ஆண்டுக்கு மேல் தடம் விட்டுச் செல்கிறது. அவர் இருமும்போது வீட்டிலுள்ள குழந்தைக்கும் அந்தக் கிருமிதான் போய்ச் சேரும்.

எதிர்ப்புத்திறன் பற்றிய பேச்சு உங்களுக்குப் பழகிப் புளித்திருக்கும் என்பதை அறிவேன். எனவே அதைவிட உடனடியான ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் எழுபதைக் கடந்த ஒரு பெரியம்மா, அண்மையில் ஒரு மாலை, கடையில் வாங்கிய காகித உறையை என்னிடம் கொண்டுவந்து, எதை எப்போது போட வேண்டும் என்று கேட்டார். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. எல்லா ஊரிலும் அப்படி ஒரு கடை இருக்கிறது. "சளிக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்கன்னு கேட்டேன், குடுத்துட்டாங்க" என்றார். உறைக்குள் கத்தரியால் வெட்டிய துண்டுகளாக நான்கு வகை மாத்திரைகள் இருந்தன. ஒன்று பாராசிட்டமால் 650. ஒன்று லீவோசெட்ரிஸின். ஒன்று 'கேஸ் மாத்திரை' என்று நாம் கொடுக்கும் பான்டோப்ரசோல், டோம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூல். நான்காவது துண்டில் மருந்தின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசி மூன்று நான்கு எழுத்துகள் மட்டுமே தெரிந்தன. பின்புறத்தில், சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து என்று காட்டும் சிவப்புக் கோட்டின் ஒரு துணுக்கு இருந்தது. காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிட்ட மறுபாதியோடு போயிருந்தது. அது அஸித்ரோமைசின் 500 என்பதை மாத்திரையைப் பார்த்துப் பழகிய கண்ணால்தான் ஊகிக்க முடிந்தது. அவர் இதய பலவீனத்துக்காக நெடுநாளாக லேசிக்ஸ் என்ற நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டு வருபவர். அதைக் கடையில் யாரும் கேட்கவில்லை, கேட்டால்தானே சொல்வார்.

இந்த உறையில் உள்ள சிக்கலை நம்மில் படித்தவர்கள் உடனே உணர்வார்கள், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அஸித்ரோமைசின், இதயத் துடிப்புகளுக்கு இடையே இதயம் தன் மின்னோட்டத்தை மீட்டுக்கொள்ளும் நேரத்தை, ஈசிஜியில் க்யூடி இடைவெளி எனப்படுவதை, நீட்டக்கூடியது. டோம்பெரிடோனும் அதையே செய்யும். அந்தக் காரணத்துக்காகவே ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதன் அளவையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தியது. லேசிக்ஸ் சிறுநீர் வழியே பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்த உடலில் இந்த நீட்சி இன்னும் ஆபத்தாகும். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் இதயத் துடிப்பு திடீரென்று தாளம் தப்பும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2013 மார்ச்சில் அஸித்ரோமைசின் பற்றி இந்த எச்சரிக்கையைத்தான் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, டென்னசி மாநில நோயாளிகளின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, அமாக்ஸிசிலின் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் முறை அஸித்ரோமைசின் கொடுக்கையில் 47 இதய மரணங்கள் கூடுதலாக நேர்வதாகக் கணித்தது. இதய நோய் அபாயம் மிகுந்தவர்களை மட்டும் எடுத்தால் அந்த எண் 245.

இந்த எண்களை மிகைப்படுத்தவும் கூடாது. இளைஞர்களையும் நடுவயதினரையும் ஆராய்ந்த டென்மார்க் ஆய்வு 2013இல் வெளியானபோது அப்படிக் கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை. இதயம் நன்றாக இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு, தேவையான நோய்க்கு, மருத்துவர் எழுதிய அளவில் கொடுத்தால் இது நல்ல மருந்து, பாதுகாப்பான மருந்து. சிக்கல் என்னவென்றால், மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கொண்டு, எதிரே நிற்பவர் எந்த வகையினர் என்பது நமக்குத் தெரிவதில்லை. இன்னும் சொல்லப் போனால், மருந்தை வாங்க வருபவர் பெரும்பாலும் நோயாளியே அல்ல. அவருடைய மகனோ, பேத்தியோ, பக்கத்து வீட்டுக்காரரோதான்.

ஆகவே, சீட்டு இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு, அவற்றுக்கு இரண்டு நிமிடம் போதும். மருந்து யாருக்கு, வயது என்ன என்பது முதலில். இதயத்துக்கோ, மனநலத்துக்கோ, வாந்திக்கோ வேறு மாத்திரை ஏதாவது போகிறதா என்று அடுத்தது. அமியோடரோன், ஹாலோபெரிடால், சிட்டாலோபிராம், ஆன்டான்செட்ரான், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை எல்லாம் க்யூடி இடைவெளியை நீட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவை. டிகாக்ஸின் சாப்பிடுபவருக்கு அதன் அளவு இரத்தத்தில் ஏறக்கூடும். இதய வால்வு மாற்றியவர்கள் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுவார்கள். அஸித்ரோமைசின் சேரும்போது அவர்களுக்கு இரத்தக்கசிவு அபாயம் கூடலாம் என்பதால் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது. (அசிட்ரோமும் அஸித்ரோவும் அவசரத்தில் ஒரே ஒலியாகக் காதில் விழும் என்பதையும், இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கக் கூடாது என்பதையும் கடைப் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.) முன்பு இதே மருந்தால் மஞ்சள் காமாலையோ, உடல் தடிப்போ, முகவீக்கமோ வந்ததுண்டா என்பது இன்னொரு கேள்வி, வந்திருந்தால் மறுபடி தொடக் கூடாது. மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு இது நோயைக் கூட்டிவிடும். கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர்கள் இதைத் தேவையறிந்து எழுதுவது உண்டு. ஆனால் அந்த முடிவு அவர்களுடையது.

உட்கொள்ளும் முறையையும் சீராகச் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒருமுறை, தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ போடலாம். வயிறு புரட்டினால் சாப்பிட்ட பின் போடுவது நல்லது. ஜெலூசில், டைஜீன் போன்ற, அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அமில நீக்கிகளை இதனோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடலில் ஏறுவது குறையும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். லேசான வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். நெஞ்சு படபடப்பு, மயக்கம், கண் மஞ்சளித்தல், தோலில் கொப்புளம், நீரும் இரத்தமுமாகப் போகும் கடும் பேதி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து நெடுநாள் உடலில் தங்குவதால், ஒவ்வாமைக்கு முதலுதவி செய்து அடங்கிய பின்னும் அறிகுறிகள் திரும்பி வரக்கூடும் என்ற செய்தி பலருக்குத் தெரியாது. நம் தொழிலில் இருப்பவர்களுக்குக்கூட.

மாத்திரைகளின் எண்ணிக்கையில்தான் மக்கள் மிகவும் குழம்புகிறார்கள். 'அஸித்ரோ என்றால் மூன்று நாள்' என்று மனத்தில் பதிந்துவிட்டது. தொண்டை, நெஞ்சுத் தொற்று சிலவற்றுக்கு மூன்று நாள் போதும். அதே மாத்திரையை டைபாய்டுக்கு மருத்துவர் ஏழு நாள் வரை எழுதுவார், நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை அளவிலும் எழுதுவார். எத்தனை நாள் என்பதை நோய்தான் முடிவு செய்கிறது; அட்டையின் அளவு அதை முடிவு செய்யக் கூடாது. மூன்று நாள் எழுதியிருக்கையில் 'காசில்லை, ரெண்டு போதும்' என்று கேட்பவருக்கும், சீட்டில் இல்லாத இரண்டைச் சேர்த்து 'முழு அட்டையாகவே எடுத்துக்குங்க' என்று தள்ளிவிடும் கடைக்காரருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து மாத்திரை அட்டையிலிருந்து மூன்றைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், பெயரும் தேதியும் நோயாளி பக்கம் இருக்கும்படி வெட்டுங்கள். முடியாதபோது உறையின் மேல் அவற்றை எழுதிவிடுங்கள்.

டைபாய்டைப் பற்றிச் சொன்னதால் இன்னும் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் சீட்டில்லா விற்பனையின் மிகப் பெரிய கேடு காய்ச்சல் விஷயத்தில்தான் நேர்கிறது. நான்கு நாள் காய்ச்சலோடு ஒருவர் நம் மேசைக்கு வருகிறார். அது டெங்குவாக இருந்தால் அஸித்ரோமைசின் எதுவும் செய்யாது. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும் அந்த நோயில், மாத்திரையால் குறைந்தது என்று நம்பி அவர் வீட்டில் இருந்துவிடுவார். அது டைபாய்டாக இருந்தால், அரைகுறையாகப் போட்ட மாத்திரை இரத்தத்தில் கிருமியை மறைத்து, பிறகு எடுக்கும் இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளராமல் செய்துவிடும். அப்புறம் டைபாய்டுக்கென்று எடுக்கும் வைடால் என்ற ஒற்றை இரத்தப் பரிசோதனையை நம்பிச் சிகிச்சை ஓட வேண்டியதுதான், அந்தப் பரிசோதனையின் நம்பகம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டுக் காய்ச்சல் தணிய நான்கைந்து நாளாகும். அதற்குள் பொறுமையிழந்து இரண்டாம் நாளே வேறு ஆன்டிபயாடிக் கேட்டு வருபவரும் உண்டு. நம் வட மாவட்டங்களில் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தையும் குளிர்காலத்தையும் ஒட்டித் தலைகாட்டும் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினுமே உயிர் காக்கும் மருந்துகள். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த புண் இருக்கிறதா என்று ஆடை விலக்கிப் பார்க்கும் மருத்துவரால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். கடைமேசையில் அது நடக்காது. அந்த நோய் முற்றிய நிலையில் இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்து ஊசிவழி கொடுத்தால் தனித்தனியே கொடுப்பதைவிடப் பலன் கூடுதல் என்பதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் உலகத்துக்குக் காட்டியது. நம் மண்ணில் நிறுவப்பட்ட அந்தப் பலனை ஜலதோஷத்துக்கு விற்றுத் தீர்த்துவிடக் கூடாது.

தீர்ந்துபோகும் என்பது வெறும் அச்சுறுத்தலாகாது. பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் 2016 முதல் பரவிய டைபாய்டு வகை, செஃப்ட்ரியாக்ஸோன் ஊசிமருந்து உட்பட ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மசியாமல் போனது. அங்கே வாய்வழி கொடுக்க எஞ்சிய மருந்து அஸித்ரோமைசின் ஒன்றே. அதன் பின், 2019இல், அஸித்ரோமைசினுக்கும் மசியாத டைபாய்டுக் கிருமிகள் பங்களாதேஷில் இனங்காணப்பட்டன. இரண்டு திறன்களும் ஒரே கிருமியில் கூடினால் டைபாய்டு மறுபடி மருத்துவமனையில் படுத்து ஊசி போட்டுக்கொள்ளும் நோயாகிவிடும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது என்ன செலவு என்று நீங்கள் அறிவீர்கள்.

குழந்தைகளுக்கான திரவ மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5 மி.லி.க்கு 100 மி.கி. என்றும் 200 மி.கி. என்றும் இரண்டு வலிமைகளில் அது வருகிறது. பொதுவாக எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் நாளுக்கு ஒருமுறை மூன்று நாள் என்ற கணக்கில் எழுதுவார்கள். பத்துக் கிலோ குழந்தைக்கு முதல் வகையில் 5 மி.லி., இரண்டாவதில் இரண்டரை மி.லி. இருப்பில் இல்லை என்று ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்து, அளவை மாற்றிச் சொல்லாமல் விட்டால் குழந்தைக்கு இரட்டிப்பாகவோ பாதியாகவோ போகும். வீட்டுக் கரண்டியால் ஊற்ற வேண்டாம், புட்டியோடு வரும் மூடியாலோ ஊசியில்லாச் சிரிஞ்சாலோ அளக்க வேண்டும் என்பதைத் தாயிடம் காட்டிக் கொடுங்கள். பிறந்து ஆறு வாரம் ஆகாத சிசுவுக்கு இந்த மருந்து இரைப்பையின் வாய் தடித்து அடைக்கும் நோயை உண்டாக்கக்கூடும் என்பதால், அந்த வயதுக் குழந்தைக்குச் சீட்டு வந்தால் எழுதிய மருத்துவரை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிடுவதில் தவறில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அஸித்ரோமைசின், 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஷெட்யூல் எச்-இல் உள்ள மருந்து. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில், பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில் மட்டுமே விற்கத்தக்கது. அட்டையின் பின்னால் உள்ள சிவப்புக் கோட்டின் பொருள் அதுவே. 2016இல் மத்திய அரசு அதற்காக ஒரு பரப்புரையே நடத்தியது. ஆனால் கோட்டின் அருகே உள்ள எச்சரிக்கை சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கிறது. வாங்குபவரில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை, நாமும் படித்துக் காட்டுவதில்லை. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியலின் 46 மருந்துகளில் செஃபிக்ஸிம் இருக்கிறது, லீவோஃப்ளாக்ஸசின் இருக்கிறது; அஸித்ரோமைசின் இல்லை. எச்-1 மருந்தை விற்றால் எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நாட்டில் முதலிடத்தில் விற்கும் ஆன்டிபயாடிக்கை அந்தப் பதிவேட்டுக்கு வெளியே விட்டுவைத்திருப்பது எனக்கு விளங்காத ஒன்று. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இந்த மடலைப் படிக்க நேர்ந்தால், அந்த மாற்றத்தை மத்திய அரசிடம் வலியுறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை நீங்களே விருப்பத்தின் பேரில் ஒரு நோட்டில் குறித்து வைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

நீங்கள் சொல்லப்போகும் மறுமொழிகள் எனக்குக் கேட்காமல் இல்லை. நான் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்வார் என்பது முதலாவது. உண்மைதான், அதனால்தான் தனிக் கடைக்கு எழுதாமல் சங்கங்களுக்கு எழுதுகிறேன். ஓர் ஊரில் எல்லாக் கடையும் ஒரே நாளிலிருந்து நிறுத்தினால் யாருக்கும் வாடிக்கையாளர் போக மாட்டார். அண்டை மாநிலமான கேரளத்தில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திடீர்ச் சோதனைகளைத் தொடங்கி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்ற கடைகள் மீது நடவடிக்கை எடுத்தது. ஆன்டிபயாடிக்குக்கென்று தனி நீல உறைகளும் அங்கே வந்தன. அதே மாதத்தில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரும் நாடு முழுவதுமுள்ள மருந்தாளுநர் சங்கங்களுக்குச் சீட்டில்லாமல் விற்க வேண்டாம் என்று கடிதம் எழுதினார். சோதனை வந்த பிறகு திருந்துவதைவிட, வரும் முன் நாமாகச் செய்வது தொழிலுக்கு மரியாதை.

மருத்துவர்கள் மட்டும் ஒழுங்கா என்பது இரண்டாவது மறுமொழி. இல்லை. பெயரெழுதாத காகித உறையில் மாத்திரைகளைக் கலந்து கொடுக்கும் கிளினிக்குகளும், சளிக்கெல்லாம் அஸித்ரோ எழுதும் மருத்துவர்களும் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு வேறு ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் நம் மேசையைத் தாண்டிப் போகும் மருந்துக்கு நாமே பொறுப்பு. சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு மருந்தாளுநர் வேறிடத்தில் இருக்கும் கடைகளைப் பற்றி நான் விரித்து எழுத வேண்டிய தேவை இல்லை.

மூன்றாவது மறுமொழிதான் கனமானது: ஏழைக்கு மருத்துவர் கட்டணம் கட்ட முடியாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அரை நாள் கூலி போகும், இரவு பத்து மணிக்குத் திறந்திருப்பது நாம் மட்டும்தான். இதை நான் மறுக்க மாட்டேன். ஆகவே 'சீட்டு இல்லையா, போ' என்று திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. சீட்டில்லாமல் கொடுக்கத்தக்கவை நம்மிடம் இருக்கின்றன. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் எடைக்கேற்ற அளவில். டெங்குக் காலத்தில் இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் கூடாது என்ற எச்சரிக்கையோடு. பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல். தொண்டைக்கு உப்பு வெந்நீர்க் கொப்பளிப்பு. அவற்றோடு, எப்போது காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லுங்கள்: மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், தொடர்ந்த வாந்தி, கடும் வயிற்றுவலி, எங்காவது இரத்தக்கசிவு, குழந்தை பால் குடிக்க மறுப்பது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு நிலையங்களில் அது இலவசம், அஸித்ரோமைசின் அட்டையோ காசநோயைக் கண்டுபிடிப்பதை இன்னும் தள்ளிப் போடும். போக முடியாதவர்களுக்கு 104 என்ற எண்ணைச் சுட்டிக்காட்டுங்கள். 2025இல் 24 ரூபாயை ஒட்டிய உச்ச விலை கொண்டிருந்த ஒரு மாத்திரையை விற்பதைவிட இவை லாபம் குறைந்த வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்தாளுநர் படிப்பு படித்ததற்கு இதில்தான் வேலை இருக்கிறது. அட்டையை எடுத்துக் கொடுப்பதற்கு அந்தப் படிப்பு தேவைப்படாது.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து, ஊரளவில் ஒரு தேதியைக் குறித்து, எல்லாக் கடைகளின் முகப்பிலும் 'அஸித்ரோமைசின் உள்ளிட்ட ஆன்டிபயாடிக் மருந்துகள் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே' என்று ஒரே வாசகத்தில் பலகை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மருந்தோடு கொடுப்பதற்கு உள்ளங்கை அளவு துண்டுச் சீட்டு ஒன்றை அச்சிட்டால் நல்லது. நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை, எந்த நேரம், காலாவதித் தேதி ஆகியவற்றுக்கு இடம் விட்டு, கீழே படபடப்பு, மயக்கம், மஞ்சள் கண், கொப்புளம் ஆகிய நான்கையும் பெரிய தமிழ் எழுத்தில் போட்டால் போதும். வாசகத்தை எழுதித் தரவும், கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். இதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். தேநீர் உங்கள் செலவு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்